நான்கு பூனைகளும் ஐந்து மணல் தட்டுகளும்

நம் பாட்டனார் காலத்து வீடுகளில் இந்தப் பேச்சுக்கே இடம் இருந்திராது. வாசலில் திண்ணை, நடுவே முற்றம், பின்னால் கொல்லை என்று அமைந்த வீட்டில் பூனை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டது. முருங்கை மரத்தடியில் முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும். வேலை முடிந்ததும் மூடும். ஒருமுறை முகர்ந்து பார்த்து, மனம் நிறைவுற்றபின் சுவரேறிப் போய்விடும். அதன் கழிவு என்னவாயிற்று என்று எவரும் கேட்டதில்லை.

இன்று நகரங்களில் நம்மில் பலருக்குக் கொல்லை இல்லை. நான் குடியிருப்பது சென்னையில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளம். என்னுடன் கறுப்பன், மிளகு, ராணி, பட்டு என்னும் நான்கு பூனைகளும் குடியிருக்கின்றன. இவற்றுக்குக் கொல்லைக்கு ஈடாக நான் கொடுத்திருப்பவை மண் நிரப்பிய ஐந்து பிளாஸ்டிக் தட்டுகள். கடைக்காரர்கள் இதை 'லிட்டர் டிரே' என்பார்கள். மணல் தட்டு என்றே நான் சொல்லிக்கொண்டு போகிறேன்.

"இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? அள்ளிக் கொட்ட வேண்டியதுதானே?" என்று மாணவர்கள் கேட்கலாம். அள்ளிக் கொட்டத்தான் வேண்டும். ஆனால் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை அள்ள வேண்டும் என்று கேட்டால், அங்கே வேதியியலும் உயிரியலும் வந்து நிற்கின்றன. சில வேளைகளில் ஒரு குடும்பத்தின் நிம்மதியும் உடன் வந்து நிற்கிறது.

பூனையின் முன்னோரிலிருந்து தொடங்குவோம். வீட்டுப் பூனை, மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த ஒரு காட்டுப் பூனையின் வழித்தோன்றல். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கினான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் ஒரு மனிதனின் புதைகுழிக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004இல் அறிவித்தனர். அக்குழி ஏறக்குறைய 9,500 ஆண்டுகள் பழமையானது. அத்தீவில் இயற்கையாகப் பூனை இனம் இருந்ததில்லை; ஆகவே யாரோ அதைப் படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

வறண்ட நிலத்து விலங்கு நீரைச் சிக்கனமாகச் செலவிடும். பூனையின் சிறுநீரகம் உடலிலுள்ள நீரை இயன்றவரை திரும்ப இழுத்துக்கொண்டு, கழிவை மட்டும் மிக அடர்த்தியாக வெளியேற்றுகிறது. அடர்ந்த சிறுநீர் என்றால் அதில் யூரியா மிகுதி என்று பொருள். புலால் உண்ணும் பிராணியாதலால் அந்த மிகுதி இன்னும் மிகுதியாகிறது.

யூரியாவுக்கு என்று சொல்லத்தக்க நாற்றம் இல்லை என்பதை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். வயலுக்கு இடும் யூரியா மூட்டையை முகர்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். நாற்றம் பின்னால் பிறப்பது. மண்ணிலும் மலத்திலும் வாழும் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன. அந்நொதி யூரியாவை நீருடன் வினைபுரியச் செய்து அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. இந்த யூரியேஸ் அறிவியல் வரலாற்றில் தனி இடம் பெற்ற நொதி. 1926இல் ஜேம்ஸ் சம்னர் என்னும் அமெரிக்க அறிஞர் ஒருவகை அவரை விதையிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். படிகமாக்கப்பட்ட முதல் நொதி இதுவே. அப்பணிக்காக அவர் 1946இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவர் தம் ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்த அதே பொருள்தான் என் வீட்டுத் தாழ்வாரத்தில் நாள்தோறும் வேலை செய்கிறது.

நொதியின் வேலைக்கு மூன்று துணைகள் வேண்டும்: ஈரம், வெப்பம், நேரம். சென்னையின் சித்திரை மாதத்தில் முதல் இரண்டையும் நாம் தடுத்துவிட முடியாது. நம் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்னும் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலம் இருக்கிறது. விதையடிக்கப்படாத ஆண்பூனையிடம் இது மிகுதி. இது சிதையும்போது எழும் நெடிதான் 'கடுவன் நாற்றம்' என்று நாம் மூக்கைப் பொத்துவது. நாம் பொத்திக்கொள்ளும் அந்நெடி பூனைக்கு முகவரிச் சீட்டு. ஆண்பூனை வாலை உயர்த்திச் சுவரிலும் கதவிலும் பீய்ச்சுவது இம்முகவரியை எழுதுவதற்காகவே. அதற்கும் தட்டின் தூய்மைக்கும் அவ்வளவாகத் தொடர்பு இல்லை. அதற்கு மருந்து பெரும்பாலும் கால்நடை மருத்துவரின் கத்தியே.

இனி மண்ணுக்கு வருவோம். மேலைநாட்டு வீடுகளில் முன்பு தட்டில் சாம்பலோ மணலோ மரத்தூளோ போடுவார்கள். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கசோபோலிஸ் என்னும் சிற்றூரில், குளிரில் மணல் உறைந்துபோன ஒரு பெண்மணி பக்கத்து வீட்டு இளைஞரிடம் மாற்றுப் பொருள் கேட்டார். எட்வர்ட் லோ என்னும் அவ்விளைஞர், தொழிற்சாலைத் தரைகளில் சிந்திய எண்ணெயை உறிஞ்சுவதற்காக விற்று வந்த களிமண் குறுணையைக் கொடுத்தனுப்பினார். அம்மையார் மறுபடியும் வந்தார். அவருடைய தோழியரும் வந்தனர். காகிதப் பைகளில் ஐந்து ஐந்து பவுண்டாக அடைத்துப் பெயர் எழுதிக் கடைக்குக் கொண்டுபோனார் லோ. தெருவில் கிடைக்கும் மணலிருக்க இதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கடைக்காரர் சிரித்தாராம். அதிலிருந்து ஒரு பெருந்தொழில் வளர்ந்தது. அந்தக் களிமண் ஏதோ அயல்நாட்டு அதிசயம் என்று எண்ண வேண்டாம். நம் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டியின் இனத்தைச் சேர்ந்ததுதான் அது.

1980களில் பென்டொனைட் என்னும் வேறொரு களிமண் வழக்குக்கு வந்தது. குஜராத்தின் கட்ச் பகுதியில் இதை வெட்டியெடுக்கிறார்கள். நுண்ணோக்கியால் பார்த்தால் இது ஓலைச் சுவடியைப் போல் ஏடு ஏடாக அமைந்திருக்கும். ஏடுகளுக்கிடையே நீர் புகுந்தவுடன் சுவடி உப்பிக்கொள்ளும். அண்டையிலுள்ள குறுணைகளோடு ஒட்டிக் கொழுக்கட்டை போல் உருளும். சிறுநீர் கீழே இறங்குமுன் அப்படியே கட்டிப்பட்டுவிடுவதால், வடையை எண்ணெயிலிருந்து எடுக்கும் ஜல்லிக்கரண்டி போன்ற ஒரு கரண்டியால் அந்த உருண்டையை மட்டும் எடுத்துவிடலாம். மற்ற மண் சுத்தமாக இருக்கும். ஆற்று மணலில் இது நடவாது. மணல் நீரை உறிஞ்சுவதில்லை. சிறுநீர் வழிந்து அடியில் தேங்கிவிடும். மேலே பார்த்தால் தட்டு தூய்மையாகத் தோன்றும். அடியில் அம்மோனியா காய்ச்சப்படும். மணல்தான் கிடைக்கும் என்பவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றியே தீர வேண்டும். மிகச் சிறிய குட்டிகளுக்கு மட்டும் கட்டிப்படும் மண் ஆகாது. அவை அதைத் தின்று பார்க்கும். குட்டிகளுக்குக் காகிதத் துணுக்கோ மரத்தூளோ போதும்.

மல்லிகை மணம், எலுமிச்சை மணம் ஊட்டிய மண்ணும் கடையில் உண்டு. அது வாங்குபவரின் மூக்குக்காகச் செய்யப்பட்டது. பூனைக்கு, அதிலும் எலுமிச்சை மணம், பெரும்பாலும் பிடிப்பதில்லை.

ஒரே பூனை உள்ள வீட்டுக்கு இதுவரை சொன்னது ஏறக்குறையப் போதும். பல பூனைகள் உள்ள வீட்டில் வேதியியலோடு அரசியலும் சேர்ந்துகொள்கிறது.

பூனைகள் எத்தனையோ, அத்தனை தட்டுகள்; அதற்குமேல் ஒன்று. மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது. எங்கள் வீட்டில் அதனால்தான் ஐந்து. விருந்தினர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் இக்கணக்கை எழுத்துப்படி நிறைவேற்றி, ஐந்தையும் குளியலறைக்கு வெளியே வரிசையாக வைத்தால் பயன் இல்லை. ஒட்டி வைத்த ஐந்து தட்டுகள் பூனையின் கண்ணுக்கு ஒரே பெரிய தட்டு. எங்கள் ராணியின் நடத்தையைப் பார்த்தால் இது விளங்கும். ராணி சண்டையிடுவதில்லை, சீறுவதில்லை. இடைகழியின் நடுவில் வந்து அமர்ந்து, ஒரு சுங்கச்சாவடி அதிகாரியைப் போல் பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான், பட்டு அவ்வழியே போக மாட்டாள். பட்டுக்கு அடக்க முடியாத நேரம் வரும்போது துவைத்து மடித்த துணிக்குவியல் அருகில் இருக்கும். "திமிர் பிடித்த பூனை" என்று வீட்டார் திட்டுவார்கள். திமிர் அன்று, அவளுக்கு வழி மறிக்கப்பட்டிருக்கிறது. இதனால் எங்கள் தட்டுகள் இரண்டு தாழ்வாரத்திலும், ஒன்று என் படிப்பறையிலும், ஒன்று துணி துவைக்கும் இடத்திலும், ஒன்று கூடத்தின் கோடியிலும் இருக்கின்றன. ஒரு பூனை ஒரே சமயத்தில் எல்லா வழிகளையும் மறிக்க இயலாது. சாப்பாட்டுக் கிண்ணத்தின் பக்கத்தில் எதுவும் இல்லை. உண்ணும் இடத்தில் கழிக்கப் பூனை விரும்பாது.

தட்டின் அளவும் முக்கியம். மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை பூனையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு வேண்டும். கடையில் விற்பவை பெரும்பாலும் சிறியவை. போர்வை வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி ஒரு பக்கத்தைத் தாழ்வாக அறுத்து நான் பயன்படுத்துகிறேன். மண் இரண்டு மூன்று அங்குல ஆழம் இருந்தால் போதும். மூடியுள்ள தட்டு நம் கண்ணுக்கு அழகு. ஆனால் நாற்றம் உள்ளேயே அடைந்துகொள்ளும். உள்ளே நுழைந்த பூனைக்கு வெளியே ராணி நிற்கிறாளா என்று தெரியாது.

காலை ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை நான் அள்ளுகிறேன். மூக்கை நம்பி அள்ளும் நேரத்தைத் தீர்மானிக்கக் கூடாது. ஒரு நாற்றத்தில் தொடர்ந்து இருந்தால் நம் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். மூக்கின் இயல்பு அது. வெளியிலிருந்து வருபவருக்குத் தெரிவது வீட்டுக்காரருக்குத் தெரியாது. பூனைக்கோ நம்மைவிடப் பன்மடங்கு கூரிய மோப்பம். மணி பார்த்து அள்ளுவதே வழி.

அள்ளுவது ஒருவகையில் வாசிப்பதும் ஆகும். எத்தனை உருண்டைகள், எவ்வளவு பெரியவை என்று கண் தானாகவே எண்ணப் பழகிவிடுகிறது. உருண்டைகள் நாளடைவில் பெரிதாகிக்கொண்டே போனால், வயதான பூனைக்குச் சிறுநீரகம் தளர்கிறதோ, நீரிழிவோ என்று ஐயுற வேண்டும். இதற்கு நேர்மாறானது இன்னும் அவசரமானது. சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒருநாள் இரவு எண்ணிக்கை குறைந்தது. கறுப்பன் ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டுக்குப் போய்ப்போய்க் குந்தினான். மண்ணில் பொட்டளவு ஈரம் மட்டுமே இருந்தது. ஆண்பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகியது; நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்தால் நஞ்சு இரத்தத்தில் ஏறும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றிரவே மருத்துவரிடம் கொண்டுபோனோம். குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார். மூன்றாம் நாள் கறுப்பன் தட்டில் ஓர் உருண்டையை வைத்தபோது வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். மூன்று நாளுக்கு ஒருமுறை அள்ளும் வீட்டில் இப்பிணி கண்ணில் பட்டிராது.

இப்போது நேரத்தைப் பற்றிய மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். என் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். அவள் வந்த மறுநாளே என் பெரியம்மா, "ஏனப்பா, வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் பூனை எதற்கு? நான்கையும் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவிட்டு வா" என்றார். அவர் சொன்னதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அதில் உண்மையின் ஒரு கூறு இருக்கிறது.

டாக்சோபிளாஸ்மா என்பது ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1908இல் துனிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் நிக்கோல், மான்சோ என்னும் இருவர் ஒரு சிறு கொறிப்பிராணியின் உடலில் இதைக் கண்டனர். பூனையின் குடலில்தான் இது பாலினப் பெருக்கம் செய்து முட்டை போன்ற உறைகளை வெளியிடுகிறது என்பது தெளிவாவதற்கு 1970 வரை ஆயிற்று. கருவுற்ற பெண்ணுக்கு அக்காலத்தில் முதன்முறையாக இத்தொற்று ஏற்பட்டால் அது குழந்தையின் கண்ணையும் மூளையையும் தாக்கக்கூடும். பெரியம்மாவின் அச்சத்துக்கு அடிப்படை இதுவே.

ஆனால் அந்த உறையின் வாழ்க்கையைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். பூனை பெரும்பாலும் தன் வாழ்நாளில் ஒருமுறை, முதன்முதலாகத் தொற்றும்போது, ஓரிரு வாரங்களே இதை வெளியிடும். எலியும் பச்சை இறைச்சியும் தின்னாமல் வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்குத் தொற்றும் வாய்ப்பே குறைவு. எல்லாவற்றினும் முக்கியமானது: வெளிவந்தவுடன் அவ்வுறை தொற்றாது. காற்றும் வெப்பமும் பட்டு உள்ளே முதிர்ந்த பின்னரே தொற்றும் ஆற்றலைப் பெறுகிறது. அதற்கு ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகிறது. முதிர்ந்துவிட்டாலோ ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பிளீச்சிங் பொடிக்கும் அசையாது. காலையும் இரவும் அள்ளும் வீட்டில் எந்த மலமும் ஒரு நாள் முழுவதும் தட்டில் தங்குவதில்லை. முதிர்வதற்குமுன் அது வெளியேறிவிடுகிறது.

மகளைப் பார்த்து வந்த மகப்பேறு மருத்துவர், "தட்டை யார் அள்ளுகிறார்கள், நாளுக்கு எத்தனை முறை?" என்று மட்டும் கேட்டார். நானே, இருமுறை என்றேன். மகள் தட்டைத் தொடக் கூடாது, நான் கையுறை அணிந்து அள்ளிக் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும், கறியை நன்றாக வேகவைக்க வேண்டும், கீரை காய்களைப் பலமுறை அலச வேண்டும் என்றார். பூனையைத் தடவுவதைவிட அரைவேக்காட்டுக் கறியாலும் மண் ஒட்டிய காய்களாலும் இத்தொற்று மிகுதியாக வருகிறது என்பதையும் விளக்கினார். இரத்தப் பரிசோதனையும் செய்தார். பூனைகள் நான்கும் வீட்டிலேயே இருந்தன. பெரியம்மா மட்டும் பேரன் பிறந்து மூன்று மாதம் வரை கறுப்பனை முறைத்துக்கொண்டே இருந்தார்.

தட்டைக் கழுவுவது பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. நம் வீடுகளில் தூய்மை என்றாலே பினாயில். பூனை உள்ள வீட்டில் அது கூடாது. நம் கல்லீரல் ஃபீனால் இனப் பொருள்களைக் குளுகுரோனிக் அமிலத்தோடு இணைத்து நஞ்சை முறித்து வெளியேற்றுகிறது. பூனையின் கல்லீரலில் அவ்விணைப்பைச் செய்யும் நொதி போதிய அளவு இல்லை. இதே காரணத்தால்தான் நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும். பினாயில் தெளித்த தட்டில் நின்ற பூனை பின்பு பாதத்தை நக்கும். நஞ்சு உள்ளே போகும். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள் பலவும் இவ்வினத்தவையே. பிளீச்சிங் பொடியையும் சிறுநீர் ஊறிய தட்டில் கொட்டக் கூடாது. அம்மோனியாவோடு கலந்து மூச்சை அடைக்கும் குளோரமின் வாயுவை எழுப்பும். மண்ணைக் கொட்டிவிட்டு, மணமற்ற சோப்பும் கொதிக்கக் காய்ச்சிய நீருமாகக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். கொதிநீருக்கு டாக்சோபிளாஸ்மாவின் உறையும் தப்பாது. கட்டிப்படும் மண்ணாயின் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான் இதைச் செய்கிறேன். கீறல் விழுந்த பழைய தட்டுகளில் நாற்றம் குடியேறிவிடும். அவற்றை மாற்றிவிட வேண்டும்.

அள்ளியதை எங்கே போடுவது? கழிவறையில் கொட்டி நீரூற்றுவது எளிதுபோல் தோன்றும். கட்டிப்படும் மண் குழாயிலும் கட்டிப்படும். கீழ்த்தள வீட்டுக்காரர் மேலேறி வருவார். அதுவுமன்றி, அவ்வுறைகள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் தாண்டிக் கடல் வரை போகும். கலிபோர்னியக் கடற்கரையில் வாழும் கடல் நீர்நாய்கள் இந்த ஒட்டுண்ணியால் மடிவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கீரைப் பாத்திக்கு எருவாக இடுவதும் தகாது. நான் நாளிதழ்த் தாளில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, ஒரு பையிலிட்டு இறுகக் கட்டிவிடுகிறேன். பையின்மேல் 'பூனைக் கழிவு' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். காலை ஏழு மணிக்கு வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அதைப் பிரித்துப் பார்க்காமல் தனியே வைத்துக்கொள்கிறார்.